கோமளம் மூடி

அரிக்கேன் விளக்கில் மண்ணெண்ணெயைப் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. நிறைய ஊற்றினால் ஆட்டத்தில் தளும்பும். குறைய ஊற்றினால் கீழே போவதற்குள் திரி கருகிவிடும். திரியை நேராக நறுக்கி, இரண்டு முனைகளையும் துளி கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் சுடர் ஒரு பக்கமாகச் சாயாமல் நிற்கும். அதோ அலமாரியில் இருக்கிறதே, அந்த விளக்குதான். எடுத்துப் பார்ப்பதானால் பாருங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

முதலில் மோர் குடியுங்கள். சந்து முனையிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு இந்த வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். அந்தக் கான்ஸ்டபிள் பெண்ணும் குடிக்கட்டும். எழுதுகிற கை அவளுடையது, பாவம்.

போன மாதம் அனந்தராமன் வீட்டுக் கிணற்றில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். மூன்றாவதாக இறங்கப் போனவரை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். “அவரை மட்டும் ஏன் மாமி நிறுத்தினீங்க?” என்று நேற்று வாசற்படியில் நின்று கேட்டீர்கள். ராத்திரியெல்லாம் யோசித்தேன். கேட்பது நியாயம்தான், சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடை உங்களுக்கு நினைவிருக்கும். சைதாப்பேட்டையில் உங்கள் அம்மா குடத்தோடு வரிசையில் நின்றதாகச் சொன்னீர்களே, அதே கோடை. இந்தச் சித்திரக்குளத்துப் பக்கம் கிணறுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. வற்றாததெல்லாம் உப்புக் கரித்தது. லாரி சத்தம் கேட்டால் பூஜையில் இருப்பவர்கூட எழுந்து ஓடுவார். என் கணவர் அந்தக் கோடையில்தான் போனார். அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன். ஒரு குடம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, தங்களிடம் இருந்த மற்றக் குடங்களைக் கவிழ்த்துக் காட்டினார்கள், இதற்கு மேல் இல்லை என்று. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அந்தக் கவிழ்த்த குடங்களை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊற்றுக்கண் மன்றம் ஆரம்பித்தது. அனந்தராமன் தலைவர். என் கணவருடைய சிநேகிதர், ரிட்டையர்டு எஞ்சினியர், மனைவி இல்லாதவர். மொட்டைமாடியில் விழுகிற மழையைத் தெருவில் விடாமல், குழாய் வழியாக வீட்டுக் கிணற்றுக்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய யோசனை. கருணாகரன் பொருளாளர். ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கிணற்றில் இறங்கித் தூர் எடுக்க வலியுல்லா. நான் காரியதரிசி. கூட்டம் போடுவது, வீடு வீடாகப் போய்க் கெஞ்சுவது, வந்தவர்களுக்குக் காபி போடுவது எல்லாம் காரியதரிசி வேலைதான்.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. மூடியே கிடந்த கிணற்றில் சில சமயம் கெட்ட காற்று தங்கிவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதனால் ஆள் இறங்குவதற்கு முன்னால் எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டம் வரை இறக்கி, கொஞ்ச நேரம் நிறுத்தி, மேலே இழுக்க வேண்டும். எரிந்துகொண்டே வந்தால் இறங்கலாம். அணைந்துவிட்டால் கூடாது. இது எங்கள் மன்றத்தின் முதல் விதி. ஆரம்பத்தில் விளக்கை அனந்தராமன்தான் இறக்கினார். வலியுல்லா ஒத்துக்கொள்ளவில்லை.

“சாரு எஞ்சினீரு, கணக்கெல்லாம் கரீட்டா போடுவாரு. நான் இல்லேங்கல. ஆனா கை ராசி வேற நைனா. மாமி எறக்கட்டும்.”

அன்றிலிருந்து நான்தான். ஒவ்வொரு கிணற்றுக்கும் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே கேட்பான்:

“இன்னா மாமி, எரியுதா?”

“எரியறது வலியுல்லா.”

“அப்ப நானும் அணைய மாட்டேன்.”

சொல்லிவிட்டு இறங்குவான். என்னை விடப் பத்து வயது சின்னவன். ரம்ஜானுக்குச் சேமியா கொண்டுவந்து கொடுப்பான். நான் அவன் வீட்டுக்கு ஆவக்காய் அனுப்புவேன்.

இனிமேல் மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது முக்கியமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெருவில் மலேரியா. கொசு மருந்து அடிக்கிறவர்கள் வந்து, கிணறுகளைத் திறந்து வைத்தால் தூர்க்கச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். சிமெண்ட் பலகை போட்டு மூடுவது என்று கூட்டத்தில் முடிவானது. அனந்தராமன் ஒரு படம் வரைந்துகொண்டு வந்தார். பலகை நடுவே ஒரு குழாய், வளைந்த குழாய், வாயில் வலை.

“கிணறு மூச்சு விடணும் கோமளம். இலையும் தழையும் மழையோட உள்ளே போறது. அழுகும். காத்துப் போக வழி வேண்டாமா?”

“வலை ஒரு மழைக்குத் தாங்குமா? அது வழியா உங்க கிணறு மூச்சு விடாது, கொசுதான் மூச்சு விடும். தெருவுக்கே குளிர் ஜுரம் வரும்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். “மாமி சொல்லுததுதான் சரி. ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா கொசு உள்ள போகத்தாம் செய்யும்” என்றார் கருணாகரன். கைகள் உயர்ந்தன. யாரோ கை தட்டக்கூடச் செய்தார்கள். அனந்தராமன் கடைசியாகத் தன் கையையும் தூக்கினார், சிரித்துக்கொண்டே. தோற்றாலும் சிரிப்பார். அது அவரிடம் இருந்த ஒரு கெட்ட பழக்கம்.

குழாய் இல்லாமல், விளிம்பில் தார் பூசி, ஈ எறும்பு புகாமல் மூடினோம். நாற்பது வீடுகளில் அதே மாதிரி. கொசு குறைந்தது, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. லஸ் முனையில் எந்தக் கொத்தனாரிடமும் “கோமளம் மூடி” என்று சொன்னால் போதும், அளவு கேட்காமல் போட்டுக் கொடுப்பான். அக்கம்பக்கத்துச் செய்தி போடுகிற வாரப் பத்திரிகையில் நான் கொத்தனார் கரண்டியோடு மூடிமேல் நிற்கிற படம் வந்தது. அறுபது வயது வரை என் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது அம்மா. கணவர் கூட “இந்தா” என்றுதான் கூப்பிடுவார். சரி, மூடி விஷயம் போதும்.

இந்த வருஷம் எங்களுக்கு முடிந்துவிடும் போல இருந்தது. குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்ததும் ஜனங்களுக்குக் கிணறு பாரமாகிவிட்டது. ஒவ்வொரு வீடாக இடித்து ஃபிளாட் கட்டினார்கள். கிணறு இருந்த இடத்தில் கார் நிற்கிறது. ஏழு கிணறுகள் போயின. எட்டாவதைத் தூர்க்க, இடித்த கல்லும் மண்ணுமாக ரப்பீஸ் லாரி வந்தபோது நான் லாரிக்கு முன்னால் தெருவில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “மாமி, தரை சுடும். சேர் போடச் சொல்றேன், கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கோங்கோ” என்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் ரப்பீஸ் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டேன். கல் உள்ளே விழுந்து தண்ணீரில் படுகிற சத்தம் வேறு. தண்ணீர் முடிந்து கல்லின் மேல் கல் விழுகிற சத்தம் வேறு. உங்களுக்கு அது கேட்க வாய்க்க வேண்டாம்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. இந்த வட்டாரக் கிணறுகளை வைத்துக்கொள்ளலாமா, கொசுவுக்காக ஒட்டுமொத்தமாகத் தூர்த்துவிடலாமா என்று முடிவு செய்ய வருகிறார்கள். அனந்தராமன் வீட்டுக் கிணற்றைப் பார்ப்பார்கள். மாடியில் தண்ணீர் கொட்டிக் காட்ட வேண்டும், அது கிணற்றில் விழ வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் சொல்லி அனுப்புகிறார்கள், திங்கட்கிழமை காலையில் வருகிறார்கள். சோதித்துப் பார்த்தால் தண்ணீர் உள்ளே விழவில்லை. கிணற்றுக்குள் இருக்கிற குழாய் வாயை இலை அடைத்துக்கொண்டிருந்தது. ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைப் பெயர்த்தோம். வழக்கமாக முதல் நாளே திறந்து போட்டுவிடுவோம். அன்றைக்கு அவகாசம் இல்லை.

அனந்தராமனும் கருணாகரனும் மாடியில் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வலியுல்லா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். கிணற்றடியில் நான் மட்டும் இருந்தேன். விளக்கை ஏற்றி இறக்கினேன். கிணற்றுக்குள் பாதி தூரம்கூடப் போகவில்லை. சுடர் சின்னதாயிற்று. நீலமாயிற்று. அணைந்துவிட்டது. காற்றடித்து அணைவது போலப் படபடக்கவில்லை. ஒரு குழந்தை தூங்கிப்போவது போல அணைந்தது.

அணைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். வாளி வாளியாகத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்ட வேண்டும். உள்ளே இருக்கிற காற்று கலைந்து மாறும். சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆமாம், திங்கட்கிழமைக்குள் வேலை முடிந்திருக்கும்தான்.

ஆனால் அணைந்தது என்று நான் சொன்னால், ஏன் அணைந்தது என்ற கேள்வி வரும். அனந்தராமன் மாடியிலிருந்து இறங்கி வருவார். பெயர்த்துப் போட்ட மூடியைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். சிரிப்பார். எல்லா மூடிகளையும் பெயர்க்க வேண்டும் என்பார். அதே சமயத்தில் குழு வருகிறது. மன்றத்தின் கிணறுகளில் விஷக்காற்று என்று ஊருக்குத் தெரிந்தால் ஒரு கிணற்றையாவது விட்டு வைப்பார்களா? நான் கிணறுகளை நினைத்தேன். அந்தக் கவிழ்த்த குடங்களை நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன்.

விளக்கை இழுத்தேன். சிம்னியை உயர்த்தித் தீக்குச்சி கிழித்து மறுபடி ஏற்றினேன். சிம்னி சூடாக இருந்தது. இந்த விரலில் இருக்கிற வடு அதுதான். பிறகு எரிகிற விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

“இன்னா மாமி, எரியுதா?”

“எரியறது வலியுல்லா.”

“அப்ப நானும் அணைய மாட்டேன்.”

அவன் இறங்கினான். இரும்புப் படிகளில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் வந்தது. கத்தவே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மாடியிலிருந்து அவர்கள் ஓடி வந்தார்கள். அனந்தராமன் குனிந்து பார்த்து “வலியுல்லா, வலியுல்லா” என்று கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கோமளம், விளக்கு இறக்கினியா?”

“இறக்கினேன்.”

“அடி வரைக்கும்? நன்னா எரிஞ்சுதா?”

“நன்னா எரிஞ்சுது.”

“அப்போ பாசி வழுக்கி விழுந்திருக்கான். தலையிலே அடிபட்டிருக்கும். தண்ணியிலே முகம் முங்கறதுக்குள்ளே தூக்கணும்.”

என் வார்த்தையை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். செருப்பைக் கழற்றினார். வேஷ்டியை மடித்துக் கட்டினார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இவ்வளவுக்கும் நேரம் இருந்தது. “வேண்டாம்” என்று ஒரு சொல் சொல்ல இந்த நேரம் தாராளமாகப் போதும். சொல்லவில்லை. சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். தவிர, அவர் மேலேயே இருந்திருந்தால் அன்று சாயங்காலமே குழாய்ப் படத்தைத் தேடி எடுத்திருப்பார். நான் கண்ணாடியை முந்தானையில் முடிந்துகொண்டேன். உடைந்துவிடக் கூடாது என்று.

அவர் வலியுல்லாவை விடச் சீக்கிரம் விழுந்துவிட்டார். வயதாகிவிட்டது இல்லையா.

கருணாகரன் சட்டையைக் கழற்றிவிட்டார். “ரெண்டு உசுரு உள்ள கெடக்கு, விடுங்க மாமி, நான் எறங்குதேன்” என்று திமிறினார். நான் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். இந்த வயதில் எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “இறங்கினா செத்துடுவேள்” என்றேன். அவர் உங்களிடம் வந்து, மாமி எனக்கு உயிர்ப்பிச்சை போட்டாங்க என்று அழுதிருக்கிறார். நீங்கள் மட்டும்தான் அம்மா, விளக்கு நன்றாக எரிந்த கிணற்றில் இறங்கினால் செத்துவிடுவார் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்திருக்கிறீர்கள். புத்திசாலிக் குழந்தை. உங்கள் அம்மாவுக்கு நல்ல பெண் பிறந்திருக்கிறாள்.

அவரை ஏன் நிறுத்தினேன் என்பதற்குப் பதில் இதுதான். மூன்று பேரும் போய்விட்டால் மன்றத்தை யார் நடத்துவது? என் ஒருத்தியால் ஆகாது. குழு வேறு வரப்போகிறது.

அவர்கள் மறுநாள் வரவில்லை, அடுத்த வாரம் வந்தார்கள். விளக்கு இறக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். எரிந்தது என்று சொன்னேன். கருணாகரனும், மாமி கையில் எரிகிற விளக்கைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படியானால் சேற்றை மிதித்ததில் திடீரென்று காற்று கிளம்பியிருக்கிறது, யார் மேலும் குற்றமில்லை என்று எழுதினார்கள். கிணறுகள் இருக்கலாம் என்றும் எழுதினார்கள். கொசு புகாத நல்ல மூடி, மற்றத் தெருக்களிலும் இதையே போடலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். நான் அதைப் படித்துவிட்டு அனந்தராமனின் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன்.

பத்து நாளைக்கு முன்னால் வலியுல்லாவின் தம்பி அக்பர் பாஷா வந்தான். “அண்ணன் செஞ்ச வேலய நான் பாத்துக்கிறேன் மாமி. மழைக்கு முன்ன தூர் எடுக்கணும்ல. வெளக்கு மட்டும் நீங்க எறக்குங்க, மாமி கை ராசின்னு அண்ணன் சொல்லிக்கினே இருக்கும்” என்றான். இரண்டு வீட்டுக்குப் போனோம். இரண்டிலும் பாதியிலேயே அணைந்தது. இன்றைக்கு நாள் சரியில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். மூடிகளைத் திரும்ப வைத்துத் தார் பூசச் சொன்னேன். அவன் அதையும் உங்களிடம் சொன்னான் என்றீர்கள். மாமி நாள் பார்க்கிறவங்களே இல்லையே என்றானாம். அவனுக்கும் அண்ணனைப் போலவே பேச்சு.

அவ்வளவுதான். எல்லாம் சொல்லிவிட்டேன்.

இப்போது நீங்கள் எழுதுகிற பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மெதுவாக என்னிடம் சொன்னீர்கள். “மாமி, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மூடிதான் காரணம்னு எழுதிடலாம். காத்துப் போக வழி வைக்காம கட்டினது தெரியாம நடந்த தப்பு. வெளக்கு அணைஞ்சதக்கூட, பதட்டத்துல சரியா கவனிக்கலைன்னு போட்டுக்கலாம். கேசு லேசாயிடும், வயசானவங்க நீங்க. பாக்கி மூடியில எல்லாம் ஒரு ஓட்டை போட்டு, வலை கட்டிடலாம். ஒரு கொத்தனார் ஒரு வாரத்துல முடிச்சிடுவான். கெணறும் இருக்கும், யாருக்கும் ஆபத்தும் இல்ல.”

எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு. என் பெண்ணாக இருந்தால்கூட இப்படிச் சொல்லியிருப்பாளோ என்னவோ.

ஆனால் வேண்டாம் அம்மா. அந்தப் பெண்ணை எழுதச் சொல்லுங்கள், நானே சொல்கிறேன். விளக்கு அணைந்ததைப் பார்த்தேன். பதட்டம் ஒன்றும் இல்லை, நன்றாகப் பார்த்தேன். ஏற்றினேன். வலியுல்லாவிடம் எரிந்தது என்றேன். அவன் விழுந்த பிறகு அனந்தராமனிடமும் எரிந்தது என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். இரண்டு பேரையும் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளட்டும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

மூடியில் தப்பு என்று மட்டும் எழுத வேண்டாம். அது நல்ல மூடி.